விசிலுக்கு அடங்கிய வயிறு

மாசிலாமணி அண்ணாச்சி வாயைத் திறக்கிறார் என்றால், பக்கத்தில் இருப்பவர்கள் தங்களிடம் உள்ள உண்மையை முந்தானையில் இறுக முடிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் காற்றோடு போய்விடும். தேரிவிளையில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் இது தெரியும். அவர் மனைவி நேசத்துக்கு முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும்.

அன்றைக்கு வேதக்கோயில் அசனம். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மறுநாள் ஊர் முழுக்க ஒரே பந்தலில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடுகிற நாள். ரெண்டாயிரம் இலை விழும். கொட்டகையில் பெரிய அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பச்சடிக்கு வெங்காயமும் ரசத்துக்குப் பூண்டும் உரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அண்ணாச்சி. அவர் எதையும் உரிக்கவில்லை. அவர் உரிக்கிற சாமான் வேறே.

அசனத்துக்கு ஊரில் ஒரு வழக்கம் உண்டு. குழம்பு இறங்கியதும் போதகர் ஜெபம் பண்ணுவார். பிறகு சமையல்காரர் குருபாதம் ஒரு கரண்டி எடுத்து அண்ணாச்சியின் உள்ளங்கையில் விடுவார். அண்ணாச்சி உப்புப் பார்த்து, கண்ணை மூடித் திறந்து, "ரைட்!" என்பார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர் அல்லவா? அந்த "ரைட்" வராமல் ஒரு கரண்டி நகராது. இருபத்திரண்டு வருஷமாக அது அவர் பட்டம். அந்தச் சொல் விழுந்த பிறகு குழம்பை யாரும் குறை சொல்லக்கூடாது. ஜெபித்த சாப்பாட்டில் குறை கண்டால் ஆண்டவரைக் குறை சொன்ன மாதிரி.

போன வருஷம் குருபாதம் ஒரு தடவை உப்புப் போட்டார். அது தெரியாமல் அவர் மருமகன் இன்னொரு தடவை போட்டான். அண்ணாச்சி உள்ளங்கையை உதடுவரை கொண்டுபோய் "ரைட்" சொன்னார். ரெண்டாயிரம் பேரும் உப்பளத்தில் விழுந்து எழுந்த மாதிரி சாப்பிட்டு, வாயைத் திறக்காமல் எழுந்து, நேராகக் குழாயடிக்குப் போனார்கள். தண்ணீர் டேங்க் ரெண்டு முறை காலியாயிற்று.

ஏன் அப்படி ஆயிற்று என்று நேசத்துக்கு மட்டும் தெரியும். அந்தக் குழம்பு அவர் உதட்டைத் தாண்டவே இல்லை. துண்டில் துடைத்துவிட்டார்.

தாண்டினால் அவர் கதி என்ன? விடியற்காலை வெறும் வயிற்றில் டீ, மத்தியானச் சாப்பாடு சாயங்காலம் நாலு மணிக்கு, டிப்போவில் பரோட்டாவைத் தின்ற கையோடு படுக்கை என்று முப்பது வருஷம் அந்த வயிற்றை ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருக்கிறார். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், உப்புசம் மூன்றும் அவரோடேயே ரிட்டையர் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டன. திருநெல்வேலி டாக்டர் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்துவிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார்: "மாத்திரை மட்டும் போதாதுங்க, பழக்கத்தை மாத்தணும். கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க, வயித்தைக் காயப்போடாதீங்க. ஒரு வாய்க்கு இருபது தடவை மெல்லுங்க. மெல்லும்போது பேசாதீங்க, காத்து உள்ளே போகும். உங்களுக்குக் காரமும் எண்ணெயும் ஆகாது. வெறும் வயித்துல டீ வேண்டாம். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள்ள. சாப்பிட்டதும் படுக்காம கொஞ்சம் நடங்க. கட்டில் தலைமாட்டுக்கு ரெண்டு செங்கல் வைங்க."

வீட்டில் அண்ணாச்சி அத்தனையும் கேட்டார். இட்லிக்குப் பொடி கேட்கவில்லை. மோர்ச்சோறு தின்றார். ஏழு மணிக்கே ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளை மாதிரி தட்டைக் கழுவி வைத்தார். நெஞ்செரிச்சலும் பாதிக்குப் பாதி குறைந்தது. அதை அப்படியே வெளியில் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பட்டம் போய்விடுமே! அதனால் வாசல் தாண்டியதும் அந்த மோர்ச்சோறு மகாயுத்தமாகிவிடும்.

போன மாசம் ஒரு கல்யாண வீட்டில் பெருமைக்காக ரெண்டு கரண்டி கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டார். பத்து நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். "இன்னொரு தடவை இப்படி வந்தா ஆஸ்பத்திரியில படுக்கப்போடுவேன்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆகவே நேசம் பூண்டு உரிக்கிற சாக்கில் தலையைக் குனிந்து ஜெபித்துக்கொண்டிருந்தாள்: 'ஆண்டவரே, அந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போடும். உள்ளே போகிறதுக்கும் சேர்த்து, வெளியே வருகிறதுக்கும் சேர்த்து.'

பூட்டு வருவதற்கு முன் டெய்சி வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப் போட்டு ரிட்டையரானவள். ஆயிரம் பிள்ளைகளை அதட்டிய தொண்டை. வெங்காயக் கூடையைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, நான் குறை சொல்லல. ஆண்டவர் சாப்பாடு. ஆனா போன வருஷம் டேங்க் ரெண்டு தடவ காலியாச்சு பாத்தியளா? வெயில்னு நெனச்சேன். கார்த்திகை மாசம் வெயில் ஏது?"

பெண்கள் வெங்காயத்துக்குள் சிரித்தார்கள்.

"நீ என்ன சொல்ல வாற டெய்சி?"

"ஒண்ணுமில்ல. வயித்துக்குச் சொகமில்லாத மனுசர கஷ்டப்படுத்தாண்டாம், இந்த வருசம் உப்புப் பாக்க வேற ஆள வைப்போம்னு கமிட்டியில பேச்சு அடிபடுது."

அண்ணாச்சி நாற்காலியை அரை அடி முன்னால் இழுத்தார். நேசம் உள்ளுக்குள்ளே, 'போச்சு' என்றாள்.

"யாருக்குச் சொகமில்ல? எனக்கா? ஏட்டி, என் வயித்துக்கு ஒரு காலத்துல சொகமில்லாம இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. சாதாரண வாயுன்னு நெனைக்காத. ஒரு நாள் முந்நூறு பயணி ஏத்திக்கிட்டு திருச்செந்தூர்ல இருந்து வாறோம். எனக்கு வயித்துல காத்து ஏறுது, ஏறுது, ஏறிக்கிட்டே இருக்கு. குரும்பூர் தாண்டினதும் டிரைவர் கத்துதான், 'அண்ணே, ஸ்டியரிங் லேசா இருக்கு!' குனிஞ்சு பாக்கேன். நாலு சக்கரமும் ரோட்டுல இல்ல. பஸ்ஸு வாழைத்தோட்டத்துக்கு மேல போவுது!"

"ஒரு பஸ்ஸுல முந்நூறு பேரா?" என்றாள் ஒருத்தி.

"முகூர்த்த நாளு."

"இறங்கினது எப்பிடி அண்ணாச்சி?" டெய்சி கத்தியை நிறுத்தவில்லை.

"கொஞ்சங்கொஞ்சமா ஏப்பம் விட்டேன். ஸ்டாப்புக்கு ஒரு ஏப்பம். மெதுவா இறங்கிச்சு. பயணி கூடையில இருந்த முட்டை ஒண்ணுகூட உடையல. வேணும்னா நேசத்துகிட்ட கேளு."

இதுதான் அவர் பழக்கம். ஒவ்வொரு புளுகின் வாலிலும் நேசத்தைச் சாட்சிக்குக் கட்டிவிடுவார். நேசம் பொய் சொல்ல மாட்டாள். புருஷனைப் பொய்யன் என்றும் சொல்ல மாட்டாள். அதனால் பூண்டை இன்னும் நெருக்கமாகப் பார்த்தாள். அந்த ஒரு பல்லுக்கு மூன்று தடவை தோல் உரிந்தது.

"சரி, வாயு போச்சு. எரிச்சல்?" என்றாள் டெய்சி.

"எரிச்சலா! அத ஏன் கேக்க? ஒருநா முத்தத்துல ஒரு சொட்டு எதுக்களிச்சு விழுந்துச்சு. சிமெண்டுத் தரை பொத்துப் போச்சு. கீழ பாக்கேன், தண்ணி தெரியுது. அதுதான் இப்ப எங்க வீட்டுக் கெணறு."

"அந்தக் கெணறு உங்க தாத்தா தோண்டினதுல்லா? கைப்பிடிச் செவுத்துல பேரு வெட்டியிருக்கே."

"பேரு தாத்தா பேரு. ஆழம் என் ஆழம். கேளு, முழுசாக் கேளு. டாக்டர் வயித்துக்குள்ள கேமரா விட்டாரு. கேமரா உருகிப் போச்சு. ரெண்டாவது கேமரா விட்டாரு. அது பாதி தூரம் போயி, 'என்னால ஆகாது'ன்னு திரும்பி வந்துட்டு. டாக்டர் எழுந்து நின்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. 'மாசிலாமணி சார், இதுக்கு ஒலகத்துல மருந்து இல்ல. கட்டுப்பாடு ஒண்ணுதான் வழி. அதுக்கு ஒங்களவிட்டா ஆளும் இல்ல'ன்னாரு."

கட்டுப்பாடாம். போன வாரம் பக்கத்து வீட்டு வடைக்கு மூக்கை நீட்டிக்கொண்டு மதில் ஓரமாக நின்ற கட்டுப்பாட்டை நேசம் நினைத்துப் பார்த்தாள்.

"மொதல்ல மெல்லுறது. ஒரு வாய்க்கு இருபது தடவ மெல்லச் சொன்னாரு. இருபதெல்லாம் கைப்பிள்ளைக்கு. நான் ஒரு வாய்க்கு ஆயிரம் தடவ மெல்லுதேன்."

"ஆயிரமா?"

"ஆயிரத்துல ஒண்ணு கொறஞ்சா முழுங்க மாட்டேன். குருத்தோலை ஞாயித்துக்கிழமை காலைல ஒரு இட்லி ஆரம்பிச்சேன். பெரிய வெள்ளிக்கெழமை மூணு மணி ஆராதனை பூரா மெல்லுதேன். ஈஸ்டர் அன்னைக்குக் கோயில் மணி அடிக்கையிலதான் கடைசி வாய் உள்ள எறங்கிச்சு."

"பெரிய வெள்ளி அன்னைக்கு மொத பெஞ்சுல நின்னு, எல்லாரையும் முந்திக்கிட்டு, ராகமில்லாமப் பாடினியளே. அது எந்த வாய்?" என்று கேட்டாள் டெய்சி.

"அது மூக்கு. பழக்கம் பண்ணிட்டேன்."

ஒரு பெண் வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாச்சிக்கு அது கைதட்டு மாதிரி கேட்டது. எழுந்தே நின்றுவிட்டார்.

"அடுத்து நடை. சாப்பிட்டதும் நூறு அடி நடங்கன்னாரு. நடந்தேன். கால் நிக்கல. மணப்பாடு வந்துட்டு. நிக்கல. கடல் வந்துட்டு. வேகமா நடந்தா தண்ணிக்கு நம்ம காலப் பிடிக்க நேரம் கெடையாது, தெரிஞ்சுக்க. நேரே கொழும்பு. அங்க ஒரு கடைக்காரன் ஓடி வந்து, 'ஐயா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க'ன்னான். விடிகாலை, வெறும் வயிறு. 'மன்னிக்கணும் தம்பி, டாக்டர் உத்தரவு'ன்னு அப்படியே திரும்பிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பத் தொட்டுப் பாக்கேன், ஈரம் இல்ல!"

"அந்தச் செருப்பு அறுந்து போச்சுன்னு நம்ம கடைத்தெரு தாண்டுமுன்ன ஆட்டோவுக்குப் போன் போட்டியளே, போன புதன்கெழமை?"

"அது வேற செருப்பு."

"கட்டிலுக்கு என்ன பண்ணுனிய? அதையும் சொல்லிருங்க, கேட்டுட்டுப் போறோம்."

"ரெண்டு செங்கல் வைக்கச் சொன்னாரு. ரெண்டு வச்சேன், நல்லாருந்துச்சு. நாலு வச்சேன், அதவிட நல்லாருந்துச்சு. இப்ப ஒரு சூளைச் செங்கலும் என் தலைமாட்டுலதான் இருக்கு. படுத்துக்கிட்டே பாத்தா கடல்ல பொயல் எங்க நிக்குன்னு தெரியும். மீன்பிடிக்கப் போறவன் எல்லாம் மொதல்ல எனக்குத்தான் போன் போடுதான்."

"அப்ப மைனி எங்க படுக்கா?"

"கால்மாட்டுல. அவளுக்குக் கீழ மழை பெய்யும், எனக்கு மேல வெயில் அடிக்கும்."

எல்லாரும் நேசத்தைப் பார்த்தார்கள். நேசம் பூண்டைப் பார்த்தாள். அந்த ரெண்டு செங்கலையும் அவள்தான் தூக்கி வைத்தாள். கட்டிலைத் தூக்கிப் பிடிக்கக் கூப்பிட்டபோது இவர், "இடுப்புப் பிடிச்சிக்கிடும்" என்று ஓரமாகப் போய் நின்றவர்.

டெய்சி கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இம்புட்டும் பண்ணுனியளே, வயிறு இப்ப எப்பிடி இருக்கு?"

அண்ணாச்சி சட்டைக்குள் கையை விட்டு, கழுத்துக் கயிற்றில் தொங்கிய பழைய கண்டக்டர் விசிலை வெளியே எடுத்தார்.

"இந்தா, இதுக்கு அடங்கிக் கெடக்கு. ஒரு விசில் அடிச்சா நிக்கும். ரெண்டு அடிச்சா போவும். போன வாரம் தெரியாம ஒரு கடப்பாரைய முழுங்கிட்டேன். ரெண்டு விசில் அடிச்சேன். சாயங்காலம் பசி எடுத்துட்டு. ஒரு உள்ளங்கைக் குழம்ப வச்சா என்னச் சோதிக்கிய? அந்த அண்டாவ அப்படியே தூக்கிக் குடிக்கேன், பாக்கியளா? குடிச்சிட்டு, அண்டாவையும் மெல்லுதேன்!"

"அண்டா கோயில் சொத்து. அது வேண்டாம்," என்றாள் டெய்சி. "ஒரு கிண்ணம் போதும். உள்ளங்கையில ஊத்துனா எது நாக்குக்குப் போச்சு, எது துண்டுக்குப் போச்சுன்னு தெரிய மாட்டேங்கு. கிண்ணத்துல ஊத்துவோம். எல்லாரும் பாக்கக் குடிங்க. குடிச்சிட்டா இன்னும் இருபத்திரண்டு வருசத்துக்கு நீங்கதான். நானே கமிட்டியில சொல்லுதேன்."

துண்டு என்றதும் அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நேசத்தின் கையில் பூண்டு நின்றுவிட்டது. டெய்சிக்குத் தெரிந்திருக்கிறது!

மூன்று மணிக்குக் குழம்பு இறங்கியது. சேதி பந்தல்வரை போய், இலை போட வந்தவர்கள், தண்ணீர் எடுக்க வந்தவர்கள் என்று எல்லாரும் கொட்டகை வாசலில் கூடிவிட்டார்கள். போதகர் ஜெபித்து முடித்து, "ஆமென்" சொல்லிவிட்டு, பந்தலில் யாரோ கூப்பிட அந்தப் பக்கம் போனார். குருபாதம் மூடியைத் தள்ளினார். மேலே ஒரு விரற்கடை உயரத்துக்குச் சிவப்பாய் எண்ணெய் மிதந்தது. மிளகாய் நெடியில் முன்னால் நின்றவர்கள் இருமினார்கள். கிண்ணம் நிறைந்து அண்ணாச்சியின் கைக்கு வந்தது.

அண்ணாச்சி கிண்ணத்தைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்து ரெண்டு தடவை ஊதினார். விசில்தான் சத்தம் போட்டது. நேசம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை துண்டில் துடைக்க வழி இல்லை. துடைத்தால் பட்டம் போகும், குழம்பும் எப்படி இருக்குமோ தெரியாது. இந்த மனுஷர் குடித்தே விடுவார். ஒரு "ரைட்" சொல்வதற்காக நெஞ்சைப் பொசுக்கிக்கொள்கிற மூளைதான் கர்த்தர் இவருக்குக் கொடுத்தது. கிண்ணம் மோவாய்வரை போய்விட்டது.

நேசம் எழுந்தாள். மடியிலிருந்து பூண்டுத் தோல் உதிர்ந்தது. நேரே போய்க் கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கி, ஒரு வாய் குடித்தாள்.

அந்த ஊரில் அதுவரை ஒரு பெண்பிள்ளை அசனத்துக்கு உப்புப் பார்த்தது கிடையாது. வெங்காயம் உரிக்கலாம், அண்டா தேய்க்கலாம். உப்பு மட்டும் ஆண்பிள்ளைகளுக்குத்தான் தெரியுமாம்.

"காரம் சரியா இருக்கு. உப்பு காணாது," என்றாள் நேசம். "இன்னும் ரெண்டு கை போடணும்."

குருபாதம் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி விசிலைப் பார்த்தார். டெய்சி கிண்ணத்தை வாங்கி நாக்கில் தொட்டுவிட்டு, "போடும் வே, நின்னுக்கிட்டு! போன வருசம் கூடுன உப்பெல்லாம் இந்த வருசம் கொறைஞ்சு போச்சு," என்று அதட்டினாள். ரெண்டு கை உப்பு விழுந்தது. குருபாதம் கிண்டிவிட்டு, இந்த முறை யாரையும் பார்க்காமல் கரண்டியை நேசத்திடமே நீட்டினார். நேசம் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். கொஞ்சம் கூச்சத்தோடு, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ரைட்," என்றாள்.

அதோடு அண்ணாச்சி ஒதுங்கியிருக்கலாம். நல்ல மனுஷர்கள் ஒதுங்குவார்கள்.

"பாத்தியளா!" என்று நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "என் வயிறு எந்த அளவுக்கு வசத்துக்கு வந்துட்டுன்னு பாத்தியளா! விசில் இங்க அடிச்சேன், வாய் அங்க திறந்துச்சு! முப்பத்தஞ்சு வருசக் குடித்தனம், ரெண்டு பேருக்கும் ஒரே வயிறாப் போச்சு! அவ முழுங்குனது எனக்குல்லா எறங்குது! இன்னைக்கு நீங்க ரெண்டாயிரம் பேரும் சாப்பிடப் போறிய. கவலைப்படாம சாப்பிடுங்க. அம்புட்டுப் பேரு சாப்பாட்டையும் நான் ஒருத்தனே இங்க உக்காந்து செரிச்சுத் தாறேன்! நாளைக்கு ஒருத்தருக்கு ஒரு புளிச்ச ஏப்பம் வந்துச்சுன்னா..."

"இறங்குங்க," என்றாள் நேசம்.

அவள் கையில் ஒரு சின்ன டிபன் பாக்ஸ். காலையிலேயே வீட்டிலிருந்து எடுத்து வந்தது. உள்ளே ரெண்டு இட்லி, பொடி இல்லாமல், எண்ணெய் இல்லாமல்.

"மணி மூணு தாண்டிட்டு. வயித்தக் காயப்போடக்கூடாதுன்னு சொன்னாருல்லா. உக்காந்து சாப்பிடுங்க." ஒரு துண்டைப் பிட்டு அவர் கையில் வைத்தாள். "இருபது தடவ மெல்லணும். மென்னு முடிக்கிறவரைக்கும் பேசக்கூடாது. காத்து உள்ள போவும். டாக்டர் சொன்னது."

அத்தனை பேருக்கும் முன்னால் டாக்டரை மறுக்க முடியுமா? அந்த டாக்டரே தன்னைக் கையெடுத்துக் கும்பிட்டார் என்று சொன்னவர் ஆயிற்றே. அண்ணாச்சி இறங்கி உட்கார்ந்து, இட்லித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

டெய்சி தன் வெங்காயக் கூடையை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"மைனி, இருபதெல்லாம் கைப்பிள்ளைக்கு. அண்ணாச்சி கணக்கு ஆயிரம். நான் எண்ணுதேன். ஒண்ணு... ரெண்டு... மூணு..."

சுற்றியிருந்த பெண்களும் எண்ண ஆரம்பித்தார்கள். முதல் பந்திக்கு இலை விழுந்தது. சோறு போயிற்று, குழம்பு போயிற்று. சாப்பிட்டவர்கள் ரெண்டாம் தடவை குழம்பு கேட்டார்கள். குழாயடியில் கூட்டமே இல்லை. அண்ணாச்சி ரெண்டு தடவை எதையோ சொல்ல வாயெடுத்தார். ரெண்டு தடவையும் டெய்சி விரலை ஆட்டினாள்.

நேசம் பூண்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே," என்றாள்.

"அறுநூத்திப் பன்னெண்டு," என்றாள் டெய்சி. "நிறுத்தாதீங்க அண்ணாச்சி. தொட்டுக்கிட வேணும்னா, உங்க வீட்டுல அந்தக் கடப்பாரை மிச்சம் இருக்கான்னு பாத்துட்டு வரச் சொல்லுதேன்."